மலையகத்திலிருந்து இசை நிகழ்ச்சிக்குப் போகிறீர்களா? ஏமாறாமல் டிக்கெட் வாங்கும் வழி

கொழும்பில் நடந்த ஒரு இசை நிகழ்ச்சிக்கு அம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு ஹட்டனிலிருந்து போனேன். மூன்று டிக்கெட், ஒன்று 5,000 ரூபா. பேஸ்புக்கில் அறிமுகமான ஒருவரிடம் வாங்கியவை. வட்ஸ்அப்பில் டிக்கெட் வந்தது. நிகழ்ச்சியின் பெயர், ஆசன வரிசை, கியூஆர் கோட் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. வாசலில் நின்ற பையன் என் போனை ஸ்கேன் செய்தான், சிவப்பு விழுந்தது. "இந்த டிக்கெட்டில் ஏற்கனவே ஆள் உள்ளே போயாச்சு" என்றான். மற்ற இரண்டுக்கும் அதே கதை.

அம்மா முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். அந்தப் பாடகரின் பாட்டை முணுமுணுத்துக்கொண்டேதான் நிரை பிடிப்பார். அன்றைக்குத் தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். மதிலுக்கு வெளியே நின்று இரண்டு பாட்டுக் கேட்டோம். "பரவாயில்லடா, வா போவோம்" என்றார். டிக்கெட்டுக்குப் போனது 15,000. பஸ், சாப்பாடு, த்ரீவீலர் என்று இன்னுமொரு 9,000.

கொழும்பில் இருப்பவருக்கு டிக்கெட் பிழைத்தால் டிக்கெட் காசுதான் நட்டம், அரை மணித்தியாலத்தில் வீட்டுக்குப் போய்விடுவார். நமக்கு அப்படியில்லை. ஒரு நாள் சம்பளம், போக்குவரத்து, ராத்திரிப் பயணம் எல்லாம் சேர்ந்து போகிறது. அதற்குப் பிறகு நான்கு நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன், எங்கள் தோட்டத்து டிவிஷன் ஆட்களுக்கும் சேர்த்து. ஒன்றும் பிழைக்கவில்லை. எப்படி வாங்கினேன் என்பதை ஒவ்வொரு படியாக எழுதுகிறேன். முதல் முறை வாங்குகிறவர்கள் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. நிகழ்ச்சி உண்மையா என்று பாருங்கள்

டிக்கெட் உண்மையா என்ற கேள்வி அப்புறம். அந்த நாளில், அந்த இடத்தில், அந்தப் பாடகர் பாடப்போவது உண்மையா?

மூன்று இடத்தில் பாருங்கள். பாடகரின் சொந்தப் பக்கத்தில் அந்தத் திகதி போடப்பட்டிருக்கிறதா? இந்தியாவிலிருந்து வருகிற பாடகர்கள் பெரும்பாலும் ஒரு சிறு வீடியோவில் "இந்தத் திகதியில் கொழும்புக்கு வருகிறேன்" என்று சொல்லிவிடுவார்கள். அந்த வீடியோ அவருடைய பக்கத்திலேயே இருக்க வேண்டும். வேறு யாரோ வெட்டி ஒட்டியதை நம்பாதீர்கள், பழைய வருடத்து வீடியோவையே புதிதுபோலப் போடுகிறார்கள். இரண்டாவது, வானொலி, தொலைக்காட்சி, பத்திரிகை விளம்பரம். மூன்றாவது, நிகழ்ச்சி நடக்கும் மண்டபம். தாமரைத் தடாகம், பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபம், சுகததாச உள்ளரங்கம் போன்ற இடங்களுக்கு அலுவலகமும் தொலைபேசியும் உண்டு. வேலை நேரத்தில் அழைத்து, "இந்தத் திகதியில் இந்த நிகழ்ச்சி பதிவாகியிருக்கிறதா?" என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை.

போஸ்டரில் இடம் எழுதாமல் "விரைவில் அறிவிக்கப்படும்" என்று போட்டுவிட்டு டிக்கெட் மட்டும் விற்கிறார்கள் என்றால், இடம் தெரியும்வரை காசு கொடுக்காதீர்கள்.

2. விற்பனையாளரை நிகழ்ச்சியிடமிருந்து கண்டுபிடியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். மலை ஊற்றிலிருந்து தண்ணீர் வந்து விழும் பீலியில் கலங்கல் தண்ணீர் வந்தால் நாம் என்ன செய்வோம்? குழாயைப் பிடித்துக்கொண்டே ஊற்றுவரை ஏறிப் பார்ப்போம். டிக்கெட்டும் அப்படித்தான். நான் செய்த பிழை, விற்பவனிடமே "நீ உண்மையான ஆளா?" என்று கேட்டது. அவன் ஆமாம் என்றுதான் சொல்வான், அடையாள அட்டைப் படம்கூட அனுப்பினான். அது யாருடைய அட்டையோ.

பாடகரின் பக்கத்தில் நிகழ்ச்சியை நடத்தும் நிறுவனத்தின் பெயர் இருக்கும். அந்த நிறுவனத்தின் பக்கத்துக்குப் போங்கள். டிக்கெட் எங்கே விற்கிறார்கள் என்று அவர்கள் எழுதியிருப்பார்கள். அங்கே கொடுத்திருக்கும் இணைப்பை அழுத்தித்தான் டிக்கெட் தளத்துக்குள் போக வேண்டும். கூகுளில் தேடி முதலில் வருவதை அழுத்துவதும், வட்ஸ்அப் குழுவில் வந்த இணைப்பை அழுத்துவதும் வேண்டாம்.

இலங்கையில் மைடிக்கெட்ஸ், டிக்கெட்ஸ் மினிஸ்ட்ரி, புக்மைஷோ இலங்கை போன்ற தளங்கள் நிகழ்ச்சி டிக்கெட் விற்கின்றன. எல்லா நிகழ்ச்சியும் எல்லாத் தளத்திலும் இருக்காது. நீங்கள் தேடும் நிகழ்ச்சிக்கு நடத்துகிறவர்கள் எந்தத் தளத்தைச் சொல்லியிருக்கிறார்களோ அதுதான் உங்களுக்கான தளம். தளத்தின் முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஓர் எழுத்துக் கூடியிருக்கும், நடுவில் ஒரு சிறு கோடு வந்திருக்கும், அல்லது டொட் எல்கே என்று முடிய வேண்டியது வேறு எதிலோ முடிந்திருக்கும். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு அடையாளம் இருக்கிறதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள். போலித் தளத்துக்கும் அந்தப் பூட்டுக் கிடைக்கும்.

பேஸ்புக் பக்கத்தைச் சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது, இது எனக்கு முன்பு தெரியாமல் போனது. பக்கத்தின் அறிமுகப் பகுதிக்குள் போனால் வெளிப்படைத்தன்மை என்ற இடம் வரும். பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, முன்பு என்ன பெயரில் இருந்தது என்று அதில் காட்டும். போன மாதம்வரை கைக்கடிகாரம் விற்ற பக்கம் இன்றைக்கு இசை நிகழ்ச்சிப் பக்கமாக மாறியிருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். காசு கட்டிப் போடும் விளம்பரம் யாருக்கும் கிடைக்கும், அதனால் விளம்பரம் வருவது எதற்கும் ஆதாரமாகாது.

நடத்துவது கம்பனி என்றால், கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம், அதற்குக் காசு இல்லை. பதிவு இருப்பதால் மட்டும் நல்லவர்கள் என்றாகாது. ஆனால் பிரச்சினை வந்தால் யார் மேல் முறைப்பாடு கொடுப்பது என்றாவது தெரியும்.

3. நம் ஊரில் நடக்கும் நிகழ்ச்சி என்றால்

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளைப் பக்கம் மைதானத்தில் நடக்கும் நிகழ்ச்சிகளுக்குப் பெரும்பாலும் அச்சடித்த டிக்கெட்தான். புத்தகமாகக் கட்டி, டவுனில் நான்கைந்து கடைகளில் கொடுத்து விற்பார்கள். இங்கே பார்க்க வேண்டியவை வேறு.

காசு வாங்கி நடத்தும் நிகழ்ச்சிகளுக்கு உள்ளூராட்சி மன்றம் களியாட்ட வரி அறவிடுகிறது. அதற்காக டிக்கெட்டில் மன்றத்தின் முத்திரை இருக்க வேண்டும். நகர சபையோ பிரதேச சபையோ, முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தொடர் இலக்கம் டிக்கெட்டிலும் புத்தகத்தில் மிஞ்சும் அடிக்கட்டையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். போட்டோகொப்பி அடித்த டிக்கெட்டைத் தடவிப் பார்த்தாலே தெரியும், வெட்டிய ஓரம் கோணலாக இருக்கும், நிறம் மங்கியிருக்கும்.

"விற்பனைக்கு அல்ல" என்று அச்சடித்த இலவசப் பாஸை 2,000, 3,000 என்று தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாசலில் பிடித்தால் வாங்கியவர்தான் வெளியே நிற்க வேண்டும்.

திறந்த மைதானம் என்றால் மழையைப் பற்றிக் கேளுங்கள். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே தொடக்கம் செப்டெம்பர்வரை தென்மேற்கு மழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் அடித்து ஊற்றும். மழை பெய்தால் நிகழ்ச்சி வேறு நாளுக்குப் போகுமா, பழைய டிக்கெட்டே செல்லுமா, காசு திரும்பக் கிடைக்குமா? விற்கிற கடைக்காரருக்குப் பதில் தெரியவில்லை என்றால், போஸ்டரில் இருக்கும் இலக்கத்துக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள்.

4. விலையை முழுமையாகப் படியுங்கள்

போஸ்டரில் பெரிய எழுத்தில் இருப்பது மிகக் குறைந்த விலை. அது நின்று பார்க்கும் பகுதியா, கதிரை உள்ள பகுதியா, கதிரைக்கு இலக்கம் உண்டா என்று பாருங்கள். வயதானவர்களைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் இலக்கமிட்ட கதிரையையே வாங்குங்கள், கொஞ்சம் கூடுதலாகப் போனாலும் சரி. 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரனின் நிகழ்ச்சி நடந்தபோது கூட்டம் தடுப்புகளை உடைத்துக்கொண்டு முன்னால் வந்து, நிகழ்ச்சியையே இடையில் நிறுத்த வேண்டியதாயிற்று. பெரிய மைதானத்தில் இலக்கமில்லாத இடம் என்றால் அம்மாவையோ கைப்பிள்ளையையோ கூட்டிக்கொண்டு நிற்க முடியாது.

சில தளங்களில் சேவைக் கட்டணம் கடைசித் திரையில்தான் தெரியும். அதையும் சேர்த்துத்தான் கணக்குப் பாருங்கள். பிள்ளைகளுக்கு எத்தனை வயதிலிருந்து டிக்கெட் தேவை என்பது நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறும். மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்துப் போய் வாசலில் வாதாட வேண்டாம்.

5. வாங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

விற்பனை தொடங்கிய பிறகு இவற்றைத் தேடி ஓடினால், நல்ல இடமெல்லாம் போய்விடும். முதல் நாளே ஆயத்தமாக வையுங்கள்.

தேசிய அடையாள அட்டை. சில தளங்கள் இலக்கம் கேட்கும், சில நிகழ்ச்சிகளில் வாசலில் அட்டையையே கேட்பார்கள். டிக்கெட்டில் போடும் பெயர் அட்டையில் இருக்கிற மாதிரியே இருக்கட்டும். எங்கள் ஆட்கள் பலருக்கு வீட்டில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர். அட்டையில் உள்ளதைத்தான் போட வேண்டும்.

உங்கள் சொந்த மின்னஞ்சல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் நிறையப் பேர் டவுனில் உள்ள கொமியுனிகேஷன் கடைக்குப் போய், "தம்பி, இந்த டிக்கெட்டை ஒருக்கா போட்டுத் தாங்க" என்று காசைக் கொடுத்துவிடுகிறார்கள். கடைக்காரத் தம்பி தன் மின்னஞ்சலையும் தன் கார்டையும் போட்டு வாங்குகிறார். டிக்கெட் அவருடைய பெட்டிக்குத்தான் வருகிறது. அவர் நல்லவராகவே இருக்கட்டும். நிகழ்ச்சி தள்ளிப்போனால் அறிவிப்பு அவருக்குத்தான் வரும், காசு திரும்பினால் அவர் கார்டுக்குத்தான் போகும், அந்தக் கம்பியூட்டரில் யார் வேண்டுமானாலும் உங்கள் கியூஆரை எடுக்கலாம். கடையின் உதவி வேண்டுமென்றால் வாங்குங்கள், பிழையில்லை. ஆனால் மின்னஞ்சலும் போன் இலக்கமும் உங்களுடையதாக இருக்கட்டும். முடிந்ததும் கடைக் கம்பியூட்டரிலிருந்து உங்கள் மின்னஞ்சலை வெளியேற்றிவிட்டு, இறக்கிய கோப்பையும் அழித்துவிட்டு வாருங்கள்.

ஒன்லைனில் செலுத்தக்கூடிய கார்ட். ஏடிஎம்மில் காசு எடுக்கும் எல்லா டெபிட் கார்டும் இணையத்தில் வேலை செய்யாது. சில வங்கிகளில் நாமே கேட்டு அந்த வசதியைத் திறக்க வேண்டும். வங்கியின் ஆப்பில் பாருங்கள், இல்லையென்றால் கிளைக்குப் போய்க் கேளுங்கள். வங்கியில் கொடுத்திருக்கும் போன் இலக்கமும் இப்போது நீங்கள் பாவிப்பதாக இருக்க வேண்டும், செலுத்தும்போது வங்கி அனுப்பும் ஒரு தடவை இலக்கமான ஓடிபி அதற்குத்தான் வரும். பழைய சிம்மைத் தொலைத்துவிட்டு வங்கியில் மாற்றாமல் இருப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நாளாந்தச் செலவு எல்லையையும் பாருங்கள். ஆறு பேருக்குச் சேர்த்து வாங்கும்போது எல்லை தாண்டிவிட்டால் கார்ட் மறுக்கும்.

6. காசு செலுத்துவது

கார்டில் தளத்துக்குள்ளேயே செலுத்துவதுதான் இருப்பதில் பாதுகாப்பானது. ஏதும் பிழைத்தால் வங்கியிடம் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க ஒரு வழி இருக்கிறது. வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்பிய காசுக்கு அந்த வழி இல்லை. ஆப்பில் அனுப்பும் காசு சில நொடிகளில் அடுத்த வங்கிக்குப் போய்விடுகிறது, ஏமாற்றுகிறவன் அதை ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் அவ்வளவுதான்.

கியூஆர் மூலம் செலுத்தினால், ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் வியாபாரப் பெயரைப் படித்துவிட்டு அடுத்ததை அழுத்துங்கள். நிகழ்ச்சி நடத்துபவரின் பெயரோ டிக்கெட் தளத்தின் பெயரோ வராமல் யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள். "எங்கள் கணக்கில் இன்று பிரச்சினை, மனைவியின் கணக்குக்குப் போடுங்கள்" என்று எனக்கும் சொன்னார்கள். நானும் போட்டேன். உண்மையான நிறுவனம் எதுவும் அப்படிக் கேட்காது.

ஓடிபியை யாருக்கும் வாசித்துக் காட்டாதீர்கள். காசு செலுத்துவதற்குத்தான் ஓடிபி. "உங்கள் டிக்கெட்டை உறுதிப்படுத்த ஓடிபி அனுப்பியிருக்கிறோம், அதைச் சொல்லுங்கள்" என்று ஒருவன் கேட்டால், அவன் உங்கள் கார்டிலிருந்து வேறு எங்கோ காசு எடுக்கிறான் என்றுதான் அர்த்தம்.

பனி இறங்கி மழையும் பிடித்தால் நம் பக்கத்தில் சிக்னல் போய் வரும். செலுத்தும் நேரத்தில் திரை அப்படியே நின்றுவிட்டால் உடனே இரண்டாம் முறை அழுத்தாதீர்கள். வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வந்திருக்கிறதா, கணக்கில் காசு குறைந்திருக்கிறதா, மின்னஞ்சலில் டிக்கெட் வந்திருக்கிறதா என்று மூன்றையும் பாருங்கள். காசு போய் டிக்கெட் வரவில்லை என்றால் தளத்தின் உதவி இலக்கத்துக்கு அழைத்து, செலுத்திய நேரத்தையும் தொகையையும் சொல்லுங்கள். எனக்கு ஒரு முறை காசு இரண்டு தடவை வெட்டுப்பட்டது, கூடுதலாகப் போனது திரும்பி வர ஐந்து வேலை நாள் எடுத்தது. முடிந்தால் டவுனில், நல்ல சிக்னல் உள்ள இடத்திலிருந்து செலுத்துங்கள்.

7. வேன் கட்டிக் கூட்டாகப் போகிறவர்கள்

தோட்டத்தில் ஒருவர் பொறுப்பெடுத்து, "வேனுக்கும் டிக்கெட்டுக்கும் சேர்த்து ஆளுக்கு 8,000" என்று சேர்ப்பார். நல்ல விஷயந்தான், தனியாகப் போவதைவிடப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு. ஆனால் வேன் காசையும் டிக்கெட் காசையும் பிரித்துக் கொடுங்கள். முதலில் டிக்கெட் காசு, டிக்கெட் உங்கள் போனுக்கோ கைக்கோ வந்த பிறகு வேன் காசு. சேர்க்கிறவர் அண்ணன் தம்பி முறையாக இருந்தாலும் ஒரு கொப்பியில் பெயர், தொகை, திகதி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சந்தேகப்படுவதாக அவர் நினைக்க மாட்டார். அவரும் யாரிடமோதான் காசைக் கட்டப்போகிறார், அந்த இடத்தில் ஏமாந்தால் முப்பது பேருக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். எழுத்து அவருக்கும் காவல்.

இன்னொன்று, முப்பது டிக்கெட்டும் ஒருவர் போனிலேயே இருக்க வேண்டாம். அந்தப் போனில் சார்ஜ் இறங்கினால் முப்பது பேரும் வாசலில்தான்.

8. வேறொருவரின் டிக்கெட்டை வாங்க நேர்ந்தால்

எல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகு, "எனக்குப் போக முடியவில்லை, என் டிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று பலர் எழுதுவார்கள். உண்மையாகவே போக முடியாதவர்களும் அதில் இருக்கிறார்கள். ஆனால் ஒரே கியூஆரைப் பத்துப் பேருக்கு அனுப்ப ஒரு செலவும் இல்லை. முதலில் ஸ்கேன் செய்பவர் உள்ளே போவார், மற்ற ஒன்பது பேரும் நான் நின்ற இடத்தில் நிற்பார்கள்.

தூரத்திலிருந்து போகிற நமக்கு என்னுடைய ஆலோசனை, இந்த வழியில் வாங்காமல் இருப்பதே. அடுத்த நிகழ்ச்சி வரும். கட்டாயம் வேண்டுமென்றால் இரண்டு முறையில் ஒன்றில் மட்டும் வாங்குங்கள். டிக்கெட் தளத்திலேயே பெயரை மாற்றிக் கொடுக்கும் வசதி இருந்தால், மாற்றி, புதிய டிக்கெட் தளத்திலிருந்து உங்கள் மின்னஞ்சலுக்கு நேரே வந்த பிறகு காசு கொடுக்கலாம். அந்த வசதி இல்லையென்றால், விற்பவரை வாசலுக்கே வரச் சொல்லி, ஸ்கேனில் பச்சை விழுந்த பிறகு காசைக் கொடுங்கள். அதற்குச் சம்மதிக்காதவரிடம் வாங்க வேண்டாம். "பாதி முன்பணம் போடுங்கள், இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள்" என்று அவசரப்படுத்தினால் அந்த நாலு பேருக்கே கொடுக்கச் சொல்லிவிடுங்கள்.

விலையையும் பாருங்கள். நல்ல கிராக்கி உள்ள நிகழ்ச்சியின் டிக்கெட் பாதி விலைக்கு வருகிறதென்றால் அதில் ஏதோ கோளாறு இருக்கிறது.

9. டிக்கெட் வந்த பிறகு

பிடிஎஃப் கோப்பாக இறக்கி வையுங்கள். ஒரு பிரதியைக் கடதாசியில் அச்சடித்து மடிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். போன் திரை உடைந்தாலும், சார்ஜ் இறங்கினாலும் கைகொடுக்கும். கட்டணம் செலுத்திய எஸ்எம்எஸ்ஸையும் மின்னஞ்சலையும் நிகழ்ச்சி முடியும்வரை அழிக்காதீர்கள்.

சந்தோஷத்தில் டிக்கெட்டைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட வேண்டாம். கியூஆர் தெரிகிற ஒரு படம் போதும், உங்களுக்கு முன் வேறொருவர் உள்ளே போய்விடுவார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரு பிள்ளை அப்படிப் போட்டது. நல்ல காலம், பார்த்தவர்கள் எல்லாம் சொந்தக்காரர்களாக இருந்தார்கள்.

10. நேரமும் போக்குவரத்தும்

டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான் மற்றதையெல்லாம் பதிவு செய்யுங்கள். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை வழியாகப் போனால் நான்கு ஐந்து மணித்தியாலம். மலையில் பாதை அடைபட்டால் இன்னும் கூடும். மாலை 6 மணி நிகழ்ச்சிக்குக் காலை 9 மணிக்காவது ஏற வேண்டும். மண்சரிவு நாட்களில் ரயிலை நம்ப வேண்டாம். புறக்கோட்டையில் இறங்கி மண்டபத்துக்குப் போக இன்னும் ஒரு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சி இரவு 10, 11 மணிக்கு முடியும். திரும்பும் பஸ்ஸை முன்கூட்டியே விசாரியுங்கள். தங்குவதென்றால் சொந்தக்காரர் வீட்டை முதலிலேயே கேட்டு வையுங்கள். கண்டியில் நடந்தால் நமக்குப் பெரிய நிம்மதி. நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் போய் வரலாம், செலவும் பாதிதான்.

11. நிகழ்ச்சி தள்ளிப்போனால்

யாருடைய பிழையும் இல்லாமல்கூட இது நடக்கும். 2024 ஜனவரியில் இளையராஜாவின் நிகழ்ச்சி கொழும்பில் நடக்கவிருந்தது. அந்த வாரத்திலேயே, 25ஆம் திகதி, அவருடைய மகள் பவதாரிணி கொழும்பில் காலமானார். நிகழ்ச்சி தள்ளிவைக்கப்பட்டது. அப்படியான நேரத்தில் டிக்கெட் எடுத்தவர் பார்க்க வேண்டியது நிபந்தனைப் பக்கத்தைத்தான். புதிய திகதிக்குப் பழைய டிக்கெட் செல்லுமா, வராதவர்கள் எத்தனை நாளுக்குள் காசு கேட்க வேண்டும், சேவைக் கட்டணம் திரும்புமா என்று அங்கே இருக்கும். ஆங்கிலத்தில் நீளமாகத்தான் இருக்கும். தெரிந்த ஒருவரிடம் கொடுத்து அந்த மூன்றையும் மட்டும் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். வாங்கும் அன்றே ஒரு ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வைத்தால், பிறகு அவர்கள் நிபந்தனையை மாற்றினாலும் உங்களிடம் ஆதாரம் இருக்கும்.

புறப்படும் அன்று காலையில் நடத்துபவரின் பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு ஏறுங்கள்.

தள்ளிப்போன செய்தி வந்ததும் "காசைத் திருப்பித் தருகிறோம், கார்ட் விவரம் அனுப்புங்கள்" என்று போலி அழைப்புகளும் வரும். கார்டில் செலுத்திய காசு அதே கார்டுக்குத்தான் திரும்பும், அதற்கு நீங்கள் மறுபடி இலக்கம் கொடுக்க வேண்டியதில்லை.

12. ஏமாந்துவிட்டால்

வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். நான் நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை, அதற்குள் காசு அந்தக் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. தெரிந்த நிமிடமே வங்கியின் 24 மணித்தியால இலக்கத்துக்கு அழையுங்கள். அது உங்கள் கார்டின் பின்பக்கத்தில் இருக்கும். கார்ட் விவரம் போயிருந்தால் கார்டை நிறுத்தச் சொல்லுங்கள். கணக்குக்கு அனுப்பியிருந்தால், அனுப்பிய நேரம், தொகை, பெற்ற கணக்கு இலக்கம் மூன்றையும் சொல்லி, அடுத்த வங்கிக்கு அறிவிக்கக் கேளுங்கள்.

ஏமாற்றியவன் உங்களை வட்ஸ்அப்பில் தடை செய்வதற்கு முன், உரையாடல் முழுவதையும் திகதி தெரியும்படி ஸ்க்ரீன்ஷொட் எடுங்கள். பேஸ்புக் பக்கத்தின் முகவரியையும் எழுதி வையுங்கள், பெயர் மாறினாலும் முகவரியை வைத்துத் தேடலாம்.

பிறகு உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையம். கொழும்புக்குப் போகத் தேவையில்லை. கொண்டு போக வேண்டியவை: அடையாள அட்டை, வங்கிக் கணக்குக் கூற்று, ஸ்க்ரீன்ஷொட்டுகளின் அச்சுப் பிரதி, போலி டிக்கெட். நடந்ததைத் தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதி இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். தமிழும் அரசகரும மொழி, முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. பொலிஸார் சிங்களத்தில் எழுதினால், வாசித்துக் காட்டச் சொல்லி விளங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

பதிவுசெய்யப்பட்ட விற்பனையாளரோ நிகழ்ச்சி நடத்துபவரோ காசைத் தராமல் இழுத்தடித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். போலித் தளம், பறிபோன கணக்கு போன்றவற்றுக்கு இலங்கை கணினி அவசரத் தயார்நிலைக் குழுவின் இலக்கம் 101. இரண்டுக்கும் போனில் சொல்வதோடு நிற்காமல் எழுத்திலும் அனுப்புங்கள்.

பொலிஸ் நிலையத்திலிருந்து வெளியே வருவதற்கு முன் முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் ஒரு கடதாசியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த நாள் வங்கிக்குப் போனால் முதலில் கேட்பது அதைத்தான்.